ஐந்துக்கு ஐந்து போட்ட சவரிமுத்து

மன்றத்துத் தோழர்களே, நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை என்ற முழு நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை நான் பால் வரிசையில் நின்றபோது, துறைமுகத்து மணி ஓடிவந்தான். "நைனா, நம்ம சவரி அண்ணன் பூட்டாருய்யா" என்றான். "எங்க பூட்டாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். ஷிப்டுக்கு உள்ளே நுழையும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். அந்த நொடியில் ராயபுரம் கடல் இரண்டு மைல் பின்வாங்கியது. என் கையிலிருந்த பால் அங்கேயே தயிரானது. இன்னும் எனக்கு வாய் முழுதாக மூடவில்லை.

நம் வானொலி நேயர் மன்றத்தின் தலைவர் சவரிமுத்து, துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர். ஐரோப்பாவிலிருந்து தினமும் மாலை அரை மணி நேரம் தமிழில் பேசும் அந்த வானொலிக்காக, தன் மொட்டை மாடியில் அவர் கட்டிய ஏரியல் கம்பியின் மறுமுனை ரங்கூனில் இருந்தது. அதில் சட்டை காயப்போட்டால் பையிலிருந்து செய்தி கேட்கும். ஏன் இத்தனை பாடு என்று ஒருநாள் கேட்டேன். "எவ்ளோ கப்பல்ல சரக்கு எறக்கிக்கீறேன். ஒண்ணுலயாவது ஏறி எங்கனா போயிருக்கேனா? இவங்கதான் என்னாண்ட வந்துகினு கீறாங்க" என்றார்.

நிகழ்ச்சி எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று ஐந்துக்கு மதிப்பெண் போட்டு, மாதாமாதம் அந்த நிலையத்துக்கு அறிக்கை அனுப்புவது நம் வழக்கம். பதிலுக்கு அவர்கள் படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். நிகழ்ச்சி இரண்டு அலைவரிசைகளில் வரும். ஒன்று கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்கும். மற்றதில் வடை சுடும் சத்தம்தான். சவரி அண்ணன் இரண்டுக்கும் ஐந்துக்கு ஐந்து போடுவார். "இன்னா அண்ணே இது அநியாயம்?" என்றால், "ரெண்டு பேரும் நம்ம வூட்டுக்கு வந்தவங்க. ஒருத்தருக்குக் காப்பி, ஒருத்தருக்குப் பச்சத்தண்ணியா?" என்பார். அவர் மனைவி லூர்து அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "என் மீன் கொழம்புக்கு என்னிக்காவது ரெண்டுக்கு மேல போட்டாரா, கேளு!"

இரண்டு மாதத்துக்கு முன்பு நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் அரசாங்கம் பணத்தைக் குறைத்துவிட்டதாம். ஒரு அலைவரிசையை நிறுத்தியாக வேண்டுமாம். ராயபுரம் மன்றத்தின் அறிக்கைகளில் இரண்டுமே ஐந்துக்கு ஐந்து என்றிருப்பதால், செலவு குறைந்ததை மட்டும் வைத்துக்கொள்கிறார்களாம். செலவு குறைந்தது எது? வடை சுடுவது! கேட்பவர்கள் குறைந்தால் அடுத்த ஆண்டு அந்த அரை மணியும் இருக்காது என்று கடைசி வரியில் இருந்தது.

சவரி அண்ணன் அதை நான்கு முறை படித்தார். "நானே கழுத்த அறுத்துட்டேன்டா" என்றார். மரியாதையை ஒரு குற்றம் என்று அதுவரை அவர் நினைத்ததே இல்லை. மறுநாளே உட்கார்ந்து எழுதினார்: 'ஐயா, பத்து ஆண்டுகளாக நான் போட்டது உபசார மதிப்பெண். நீங்கள் வைத்துக்கொள்ளும் அந்தச் செலவு குறைந்த அலைவரிசை இங்கே கேட்பதில்லை. தவறு என்னுடையது. அதற்காகத் தமிழை நிறுத்தாதீர்கள்.' அதைத் தபாலில் போட்டுவிட்டு, பதிலுக்காகத் தினமும் தபால்காரரை வழிமறித்தார். பதில் வருவதற்குள் அந்தச் செவ்வாய் வந்துவிட்டது.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தின் தலை கல்லறைக்குள் நுழைந்தபோது வால் திருவொற்றியூரில் டீ குடித்துக்கொண்டிருந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

இந்த ஞாயிறு மாலை நேயர் கடித நேரம். அவர் வீட்டிலேயே பெட்டியைத் திருகினோம். மிச்சமிருந்த அந்த அலைவரிசையில் ஒரே வடை பொரியும் சத்தம். திடீரென்று அதற்கு நடுவே ஒரு பெண்குரல், "ராயபுரம் சவரிமுத்து" என்றது. எல்லோரும் பெட்டி மேல் கவிழ்ந்தோம். 'மகிழ்கிறோம்' என்றதா, 'வருந்துகிறோம்' என்றதா, ஒன்றும் பிடிபடவில்லை.

"இன்னா சொன்னாங்க தம்பி? நிறுத்த மாட்டாங்கல்ல?" என்றார் லூர்து அக்கா.

நாற்பது வருடமாகப் புளுகி வளர்ந்த வாய் இது. 'நிறுத்த மாட்டாங்களாம்' என்று சொல்ல ஒரு நொடி போதும். திறந்தேன். வரவில்லை.

"கேக்கல அக்கா" என்றேன்.

அவருடைய அறிக்கைத் தாள்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. மேல் தாளில் 'தெளிவு: ஒன்று' என்று எழுதி அன்றே அனுப்பிவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தாள்களும், கடைசியாக அவர் எழுதிய அந்த ஒரு கடிதத்தின் நேர்மையும்தான். நான் எழுதிய மற்றதிலெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் சொன்ன அந்த இரண்டு சொல் மட்டும் உண்மை.