காலால் அழுத்திய புஜங்காசனம்

அருவருப்பாக இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும்.

இன்று காலை தண்ணீர்மலை பக்கத்துப் பூங்காவில் இலவச யோகா வகுப்பு. எனக்குப் பக்கத்தில் ஓர் அக்கா. ஃபேக்டரியில் நின்றுகொண்டே வேலை, இடுப்பு வலி தீரத்தான் வந்தாராம்.

புஜங்காசனத்தில் குப்புறக் கிடந்தவரை, கைகளை முழுசாக நீட்டி எழும்பச் சொன்னார் மாஸ்டர். பிறகு அக்காவின் இடுப்பில் காலை வைத்து அழுத்தினார்! எதிரே மாஸ்டரின் போனில் எல்லாம் வீடியோவாகப் பதிவாகிறது.

"ஐயோ மாஸ்டர், வலிக்குது லா!"

"வலிச்சாதான்க்கா வளையும். கேமராவப் பாத்து சிரிங்க."

"கால எடுங்க மாஸ்டர்! அவங்க முதுகு என்ன ரப்பரா?" என்று கத்திவிட்டேன்.

"நீ எங்க படிச்ச தங்கச்சி?"

"போன்லதான். அதுலயே வலிச்சா நிறுத்துன்னுதான் சொல்றாங்க."

அக்காவை முழங்கையை மடக்கி, தொப்புள் தரையை விடாமல், மூச்சை இழுத்தபடி நெஞ்சை மட்டும் கொஞ்சம் தூக்கச் சொன்னேன்.

"அட, இடுப்புல குத்தவே இல்லையே! நெஞ்சு நல்லா விரியுதும்மா."

மதியம் மாஸ்டர் வீடியோவைப் போட்டுவிட்டார். நான் திருத்திய நிலைக்கு மேல் "முதல் நாள்" என்று எழுதியிருக்கிறார். அவர் மிதித்து வளைத்ததற்கு மேல் "பயிற்சிக்குப் பின்". கால் மட்டும் தெரியாதபடி வெட்டியாயிற்று.

கீழே ஒருவர்: "சூப்பர் மாஸ்டர், நானும் வீட்ல இதே மாதிரி வளையப் போறேன்!"

அந்த ஒருவர் இதைப் படித்தால், தயவுசெய்து "முதல் நாள்" படத்தைப் பார்த்தே செய்யுங்கள்.

மற்றவர்கள் சொல்லுங்கள், அங்கே வாந்தி எடுக்கும் இமோஜி ஒன்று போதுமா, வரிசையாகப் போடவா?