மெத்தை தைக்கும் தேவாலயத்தில் பீடம் எந்தப் பக்கம்?

மூன்று மாதமாக அம்மாவுக்குப் பெயர்கள் மறந்துபோகின்றன. தனக்குக் கல்யாணம் நடந்த சின்னத் தேவாலயத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டதால், போன சனிக்கிழமை கிளம்பினோம். அங்கே பூசை நின்று பல வருடங்கள் ஆகின்றன. இப்போது சோபா, மெத்தை தைக்கும் பட்டறை.

திருவான்மியூரில் காலை 9.40 ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். பதினைந்து நிமிடத்தில் திருமயிலை. அங்கிருந்து சாந்தோம் பக்கம் ஒன்றரை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் (ஓட்டுநர் எண்பதில் ஆரம்பித்தார்).

ஷட்டரைத் தாண்டியதுமே குழப்பம். பட்டறைக்குள் இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. தேக்கு உத்திரங்கள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, இரு பக்கமும் உச்சி கூரான வளைவு ஜன்னல்கள். எதிர்ச் சுவரில் செங்கல் வைத்து அடைத்த பெரிய வளைவு, அதற்கு மேலே மர மாடம். அதுதான் பூசை நடக்கும் பீடம் இருந்த இடம் என்று அம்மாவுக்குக் காட்டினேன்.

"இன்னா நைனா சொல்ற? பீடம் கடல் பக்கம் இருந்துச்சு. இது மேற்கு."

"இல்லம்மா, நீ மறந்துட்ட."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ எனக்கு எல்லாமே போச்சா?" என்றார் மெதுவாக. கட்டடமே மாறி வந்துவிட்டோமோ என்று நான் போனில் இரண்டு முறை சரிபார்த்தேன்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்த பட்டறைக்காரர் காதர் பாய், எங்களை வளைவின் அருகே அழைத்துப் போனார். அதன் இரு பக்கமும் சுவரில் சிப்பி வடிவக் கல் கிண்ணங்கள், உள்ளே அவருடைய ஆணிகள். "இது இன்னான்னு எனக்குத் தெரியாது சார். நான் வந்தப்பவே கீது."

"தீர்த்தத் தொட்டி பாய்," என்றார் அம்மா. "விரல நனைச்சு சிலுவை போட்டுக்கினு உள்ள வருவோம். வாசல்லதான் வைப்பாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடைத்த வளைவுதான் பழைய வாசல். மேலே இருப்பது பாடகர்கள் நிற்கும் மாடம். நாங்கள் இறங்கி வந்தது பீடத்துப் படிகளில். பீடத்துச் சுவரை உடைத்து ஷட்டர் போட ஏன் தோன்றியது என்பது மட்டும் இன்னும் புரியவில்லை.

அம்மா திரும்பி நடந்து படிகளுக்குக் கீழே நின்றார். "இங்கதான். உங்கப்பா எனக்கு வலப்பக்கம்."

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. பதினொரு மணிக்குள் போனால் ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும். பாயிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வயதானவர்களோடு போனால், அவர்கள் சொல்வதை உடனே திருத்தாதீர்கள்.

திரும்பும் ரயிலில் அம்மா என் கையைத் தட்டினார். "எழுந்திரு, நம்ம ஸ்டேஷன் வந்துடுச்சி." வந்திருந்தது இந்திரா நகர். திருவான்மியூர் அதற்கு அடுத்தது. "சரிம்மா," என்று எழுந்தேன். இருவரும் இறங்கி, மீதி ஒரு கிலோமீட்டரை நடந்தோம்.