எச்சில் தொட்ட விரல்

செஞ்சிக் கடைத்தெருவில் இருந்த போட்டோ கடைக்காரர் எப்போதும் வெற்றிலை மெல்லுவார். படம் எடுக்க வருபவர்களின் தலைமயிரை, கட்டைவிரலை நாக்கில் தொட்டுத்தான் படிய வைப்பார்.

பட்டாளத்தில் இருந்த என் கணவர் எங்கள் குழந்தையை இன்னும் பார்த்ததில்லை. அவருக்கு அனுப்பத்தான் படம் எடுக்கப் போனேன். அந்த விரல் குழந்தையின் நெற்றியில் இழுபட்டதும் எனக்குக் குமட்டியது. முந்தானையால் துடைத்தேன். கடைக்காரர் மறுபடியும் நாக்கைத் தொட்டார்.

“இன்னாம்மா, அசிங்கமா இருக்குதா?” என்று சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தைக் காட்டினார். பிறகு மதுவிலக்கில் மூடிப்போன கள்ளுக்கடையின் வாசலில், தலைமயிர் படிந்த குடிகாரர்கள் அதில் நின்றிருந்தார்கள். “இவனுங்களுக்கும் இதே விரல்தான். கடையும் போச்சு, இவனுங்களும் போய்ட்டானுங்க. மூஞ்சி மட்டும் எப்டி பளிச்சுனு இருக்குது பாரு!”

அப்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருக்க வேண்டுமோ? நோய் ஒட்டுமோ என்ற பயத்தோடுதான் உட்கார வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன்.

விடுப்பில் வந்த கணவர், சட்டைப்பையிலிருந்து ஓரம் தேய்ந்த அந்தப் படத்தை எடுத்து, “புள்ளைக்கு எவ்ளோ அழகா தலை சீவி வுட்டிருக்க!” என்றார். படத்தை வாங்கி முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. திட்டத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது.