தளபதிக்குப் பின்னால் அப்பா

காலையில் ரோலாவிலிருந்து துபாய் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். அந்த அசிட்டோன் நெடி மூக்கில் ஏறியதும் என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள். எனக்கு அது ஃபைபர் பட்டறையின் வாசனை. ஒரு குதிரையின் வாசனை.

அந்தப் பட்டறைக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர், அதுதான் என் முதல் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஹெல்மெட்டைக் கிரீடம் போலத்தான் வைத்துக்கொண்டு திரிவேன். சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் இருந்த அப்பாவுக்கும் அதே கம்பெனிதான். கிரேனில் தூக்கும் பொருளுக்கு பெல்ட் மாட்டுவார், இறக்கியதும் கழற்றுவார். சொந்தம் என்றால் பேச்சு வருமே என்று, சைட்டில் நான் அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை. அவர் என்னை ‘மேடம்’ என்பார், கண்ணில் குறும்போடு.

குளிர்காலக் கண்காட்சியில் ஒரு நாட்டு அரங்கின் முன்னால் நிறுத்த, அந்த நாட்டுக் குதிரைவீரன் சிலை ஒன்றை ஃபைபரில் செய்திருந்தோம். முன்னங்கால் தூக்கிய குதிரை, மேலே வாளோடு தளபதி. வேறு நாட்டில் பிறந்து, இவர்களுடைய விடுதலைப் போருக்காகக் கடல் தாண்டி வந்தவர் என்று படித்துச் சொன்னேன்.

“நம்மள மாதிரி வெளிநாட்டு ஆளா? லீவுல ஊருக்குப் போனாராமா?” என்றார் அப்பா.

“இல்ல. சண்டையிலயே செத்துட்டாரு.”

“அடப்பாவமே! பாடிய ஊருக்கு அனுப்புனாங்களா மேடம்?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

திடலில் சிலையைப் பீடத்தில் இறக்கியதும், பெல்ட்டைக் கழற்ற அப்பா குதிரை முதுகில் ஏறினார். அவருடைய இடுப்புக் கயிறும் அந்தக் குதிரையில்தான் மாட்டியிருந்தது. மணலோடு காற்று கிளம்பியது.

“முதல்ல பீடத்துல போல்ட் டைட் பண்ணட்டும், பாய்,” என்றேன் ஃபோர்மேனிடம்.

“மாஃபி டைம். யல்லா, ஜல்தி!” என்று, நேரமில்லை என விரட்டினார் அவர்.

அப்பா ஒரு பெல்ட்டைக் கழற்றினார். குதிரை சாய்ந்தது. தளபதியின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அப்பா குனிந்துவிட்டார். விசிலை வாயில் வைத்தேன். உதடு நடுங்கியதில் வெறும் காற்றுதான் வந்தது.

“அப்பா!”

சைட் மொத்தமும் திரும்பியது. கிரேன்காரர் கொக்கியை மேலே இழுத்தார். மிச்சமிருந்த பெல்ட் விறைத்துக் குதிரையைப் பிடித்துக்கொண்டது.

இறங்கி நேராக என்னிடம் வந்தார். மணல் அப்பிய உதட்டோடு என் காதருகில், “ஏம்மா கத்துன? உன் வேலை போயிட்டா?” என்றார். அவருக்கு அந்தப் பயம்.

வேலை போகவில்லை. அப்பாவைத்தான் நான் இருக்க விடவில்லை. அழுது அடம்பிடித்து விசாவைக் கேன்சல் செய்ய வைத்து ஊருக்கு அனுப்பினேன். கண்காட்சி முடிந்ததும் குதிரையை அறுத்து லாரியில் ஏற்றினார்கள். பட்டறையையும் மூடிவிட்டார்கள். இப்போது என் சைட்டில் மேலே ஏறுகிறவர்கள் பலரின் பேர்கூட எனக்குத் தெரியாது. காற்று எழும்பினால், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விசிலை வாயில் வைத்துக்கொள்கிறேன்.