அக்காவின் வழியில் மூன்று அடி

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகச் சேரப்பணஞ்சேரியை அடுத்த சிற்றூரில் பிறந்து, எழுபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, சென்ற ஐப்பசியில் எங்களைப் பிரிந்த அக்காவின் முதலாண்டு நினைவு மலர் இது. என்னை எழுதச் சொன்னது அக்காவின் மகள். "நல்லதா நாலு வார்த்தை எழுது மாமா" என்றாள். நாலு என்ன, நானூறு எழுதலாம். ஆனால் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அக்கா கடைசிவரை குடியிருந்த கல் வீட்டை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கல் விலைக்கு வாங்கியதல்ல. அப்பா கழனியில் கிணறு வெட்டியபோது பத்தடிக்குக் கீழே பாறை வந்துவிட்டது. வெடி வைத்து உடைத்ததில் பெரிய கல்லெல்லாம் வீட்டுச் சுவராயிற்று. சிறிய கல்லெல்லாம் சாந்து இல்லாமல் அடுக்கிய மதிலாயிற்று. அவற்றைக் கழனியிலிருந்து தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து வந்தவர்களில் எட்டு வயது அக்காவும் ஒருவர். நான் அப்போது தொட்டிலில் கிடந்தேன். பிற்காலத்தில் உச்சந்தலை வலித்தால், "எல்லாம் அந்தக் கல்லு பண்ண வேலை" என்று அக்கா சிரிப்பார்.

மணமாகி வெளியூர் போனவர், கணவரை இழந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்தார். அப்பா யாரையும் கூட்டி வைத்துப் பேசவில்லை. "கல் வூடு உனுக்கு. பக்கத்து காலி மனை தம்பிக்கு" என்று சொல்லிவிட்டார். வீடு தெருவிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், என் மனையை ஒட்டிய எங்கள் மதிலுக்கும் அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கும் நடுவே அக்காவுக்கு ஆறடி வழி விட்டிருந்தார். அக்கா நாற்று நட்டார், களை எடுத்தார், மகளைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். எனக்கு அம்மை போட்டபோது இருபது நாள் என் பாயை விட்டு நகரவில்லை.

தொண்ணூற்றொன்றில் அந்தக் காலி மனையில் நான் தளம் போட்ட வீடு கட்டினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் மாடிப்படிக்கு இடம் விடாதது தெரிந்தது. பெரிய கெட்டிக்காரன் நான்! மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மதில அந்தாண்ட மூணடி தள்ளிட்டா படி உக்காந்துடும்."

அக்கா அப்போது மகளின் பிரசவத்துக்காகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்பதற்கு எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நாலே நாளில் மதிலைப் பிரித்து, அக்காவின் வழிக்குள் மூன்று அடி தள்ளி அடுக்கினோம். அப்பா மண்ணுக்குள் அஸ்திவாரமாகப் போட்ட கடைக்கால் கற்களை மட்டும் பெயர்க்க முடியவில்லை. மேலே மண்ணைத் தள்ளிப் படியைக் கட்டிவிட்டோம்.

அக்கா பேத்தியை ஏந்திக்கொண்டு வந்தார். வழியில் நின்றார்.

"இன்னாடா, செவுரு கிட்ட வந்த மாதிரி கீதே?"

"மழையில சாஞ்சிடுச்சிக்கா. அதான் எடுத்து அடுக்கினேன்."

மதிலைப் பார்த்தார், படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி நவுரு, கொயந்தைக்கு வெயில் படுது" என்று உள்ளே போய்விட்டார்.

சில ஆண்டுகள் கழித்து மனைகளை அளக்கச் சர்வேயர் வந்தார். "இந்த மதில் எப்பவும் இங்கதான் இருந்துதாம்மா?" என்று அக்காவைக் கேட்டார். "ஆமா சார், எங்கப்பா கட்னது" என்றார் அக்கா. அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அதுவும் எனக்காக. நான் அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு சுற்றிலும் கம்பெனிகள் வந்தன. அக்கா ஒரு கேண்டீனில் பாத்திரம் கழுவப் போனார். பின்பக்க அறையைத் தெற்கத்திப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டார். அவர்களுடைய பைக் ஹேண்டில்பார் உரசி உரசி மதிலில் நீளமாக ஒரு கோடே விழுந்துவிட்டது. "என்னம்மா, வழிய இம்புட்டுதான் விட்டிருக்கீக?" என்று ஒருவன் கேட்டான். "எங்கப்பா சிக்கனக்காரருப்பா" என்றார் அக்கா. பழி அப்பாமேல் போயிற்று. நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி இரண்டு மாதம் அக்கா படுக்கையில் இருந்தார். மகள்தான் எல்லாம் செய்தாள். எடுத்துப்போன அன்று, பாடை அந்த வழியில் நுழையவில்லை. தூக்கியவர்களின் தோள் இரண்டு பக்கமும் இடித்தது. அக்காவை மறுபடி கீழே இறக்கினார்கள். நான் ஓடிப்போய் மதிலில் ஓரிடத்தைத் தள்ளிவிட்டு, "எங்க வாசல் வழியா கொண்டாங்கப்பா" என்றேன். உங்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்றீர்கள். அன்று நான் அழுததற்குப் பாதிக் காரணம் அந்த வார்த்தைதான்.

பதினாறாம் நாள் மகளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும் மாமா. 'கல்லைத் தூக்கினவளுக்குத் தெரியாதா? அவனா சொல்ற வரைக்கும் நீ கேக்காத'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாங்க." முப்பத்து மூன்று வருடம் அக்கா காத்திருந்தார். நான் தினமும் அந்தப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் படியை இடித்தேன். அடியில் அப்பாவின் கடைக்கால் வரிசை அப்படியே இருந்தது. அதன்மேல் மதிலைத் திரும்ப அடுக்கினோம். ஒரு கல்லை நானும் தலையில் வைத்துப் பார்த்தேன். பத்தடி நடக்க முடியவில்லை.

மாத்திரை வாங்கித் தந்தவர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டிய தம்பிக்கும், ஷிப்டு முடிந்த கையோடு வந்து தோள் கொடுத்த தெற்கத்திப் பிள்ளைகளுக்கும், அக்காவுக்கு மகளாக மட்டுமல்லாமல் தாயாகவும் இருந்து பார்த்துக்கொண்ட அக்கா மகளுக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். அன்று என்னைப் பாராட்டியவர்களுக்கு மட்டும் நன்றி சொல்ல முடியவில்லை. அந்தப் பாராட்டைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

நினைவு நாளன்று வருபவர்கள் என் வாசல் வழியாக வர வேண்டாம். அக்காவின் வழியாகவே வாருங்கள். டேப்பை வைத்து அளந்துவிட்டேன். ஆறடி இருக்கிறது. போன வருடமே இருந்திருக்க வேண்டும்.

– தம்பி