முதல் மழைக்குப் பிறகு சைனைட் மேட்டில்

சைனைட் மேட்டில் சறுக்குவதற்கு ஒரு சீசன் உண்டு என்று சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். அவள் பெங்களூர்க்காரி. ஏதோ ஒரு நாட்டில் காலில் பலகை கட்டிக்கொண்டு பனிமலையில் வழுக்கி வருகிறார்களே, அதை டிவியில் வாய் மூடாமல் பார்ப்பாள். சீசன் தொடக்கத்தில் அவசரப்பட்டு இறங்காதீர்கள், மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் பொந்து இருக்கும் என்று அதில் ஒருவர் எச்சரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "இதைச் சொல்றதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? எங்க சாம்பியன் ரீப்ஸ்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களே" என்றேன். "உங்க ஊர்ல பனி ஏது அத்தை?" என்றாள். பனி கிடையாதுதான். ஆனால் சறுக்குவதற்குப் பனி எதற்கு?

எங்கள் ஊர் தங்கச் சுரங்க ஊர். தங்கம் இருக்கிற பாறையை மில்லில் மாவாக அரைத்து, சைனைட் விஷம் கலந்த தண்ணீரில் போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொள்வார்கள். மிச்ச மண்ணை வெளியே கொட்டுவார்கள். வருஷக்கணக்கில் கொட்டிக் கொட்டி அது மலையாகிவிட்டது. சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னாலேயே நின்றது. சாம்பல் கலந்த வெள்ளை. ஒரு புல் முளைக்காது. அடிவாரத்தில் தேங்குகிற தண்ணீரை ஆடு குடித்தால் அன்றைக்கே காலை நீட்டிவிடும். கோடைக்காற்று வந்தால் அந்த மண் சோற்றில் விழும், துவைத்துப் போட்ட துணியில் விழும், புத்தர் படத்தின் கண்ணாடியில் படியும். அம்மா படத்தைத் துடைத்துக்கொண்டே மேட்டைத் திட்டுவாள்.

அந்தக் கோடையில் மேட்டில் சறுக்க முடியாது. மண் பொடியாக இருக்கும். நாங்கள் உட்கார்ந்து சறுக்குகிற தகரம் உள்ளே புதைந்து நின்றுவிடும், நாம் மட்டும் முன்னால் போய் விழுவோம். முதல் மழை பெய்து ஒரு வெயில் அடித்ததும் மேல் மண் அப்பளம் மாதிரி இறுகிவிடும். தகரம் அதன் மேல் பறக்கும். வருஷத்திலேயே அருமையான சறுக்கல் அப்போதுதான். வருஷத்திலேயே மோசமான ஆபத்தும் அப்போதுதான். மழைத் தண்ணீர் மேலே கொஞ்சம் ஓடி, எங்கேயோ ஒரு விரிசலில் உள்ளே இறங்கி, அடியில் ஆள் நிற்கிற அளவுக்கு வாய்க்கால் அறுத்திருக்கும். மேலே அப்பளம் மட்டும் மூடியாக நிற்கும். ஆவணி, புரட்டாசியில் அடைமழை பிடித்து அந்த மூடிகளெல்லாம் இடிந்து விழுந்த பிறகுதான் எங்கே பள்ளம், எங்கே திடம் என்று கண்ணுக்குத் தெரியும். புத்தியுள்ளவர்கள் அதுவரை காத்திருப்பார்கள். நாங்கள் காத்திருக்க மாட்டோம்.

அதற்காக ஒன்றும் தெரியாமல் இறங்கினோம் என்று நினைக்க வேண்டாம். சுரங்கத்துக்குள் போகிறவர்கள் வேலை தொடங்குமுன் தலைக்கு மேலுள்ள பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் திடம், தொம்மென்றால் ஆபத்து. எல்லா வீட்டிலும் ஆண்கள் சாப்பிடும்போது பேசுகிற பேச்சே இதுதான். தலைக்கு மேல் தட்டுவதை நாங்கள் காலுக்குக் கீழே தட்டினோம். நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, மேட்டின் முதுகெலும்பு மாதிரி துருத்திக்கொண்டிருக்கிற வரப்பில் தட்டிக்கொண்டே ஏறுவோம். திடமான இடத்தில் துடைப்பக் குச்சியைக் குத்தி, கிழிந்த சேலைத் துண்டைக் கட்டுவோம். அந்தக் கொடிகளுக்கு நடுவில்தான் சறுக்கலாம். கீழே போனவள் எழுந்து விலகிக் கையைத் தூக்காமல் மேலே இருக்கிறவள் கிளம்பக் கூடாது. கார்பைட் விளக்குக்கு கார்பைட் வருகிற டின்னை வெட்டி விரித்து, முன்பக்கத்தை மடக்கி, கம்பி கட்டினால் அதுதான் வண்டி.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. அறுபதுகளின் கடைசி. தாவணி போட்ட பெண் தகரத்தில் உட்கார்ந்து சறுக்குகிறாள் என்று லைன் முழுக்கப் பேச்சு. தாவணி போட்டால் பின்பக்கம் வேறாகிவிடுமா என்று நான் ஒரு பெரியம்மாளிடம் கேட்டுவிட்டேன். அது அம்மா காதுக்குப் போனது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதற்கும் அசைகிறவள் இல்லை. ஆனால் பூமி அதிர்ந்தால் மட்டும் அவள் வேறு ஆள். சுரங்கத்தில் ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறினால், ராக் பர்ஸ்ட் என்பார்கள், மேலே வீடு ஆடும், அலமாரியில் பாத்திரம் கிலுகிலுக்கும். லைனே எழுந்து, சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியான ஷாஃப்டின் கேட்டுக்கு ஓடும். உலையை இறக்க மாட்டார்கள், கதவைச் சாத்த மாட்டார்கள். உள்ளே போனவர்கள் கேஜ் என்கிற கூண்டில் மேலே வந்து முகம் காட்டுகிறவரை யாரும் நகர மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாதான் முதல் ஆள். கேட் கம்பத்தை ஒட்டினாற்போல் ஒரு இடம், அது அவளுடையது. வேறு யாரும் அங்கே நிற்க மாட்டார்கள்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா அதைக் கிண்டல் செய்வார். "உனுக்கு வேற வேலை இல்லேமே. ஒரு டமால்னு சத்தம் கேட்டா போதும், கரண்டியோட ஓடியாந்துர்றே. நீ வந்து நின்னா பாறை நின்னுடுமா?" என்பார். உண்மையாகவே ஒருமுறை கரண்டியோடு போயிருக்கிறாள். அம்மா அவருக்குத் தட்டில் இன்னும் கொஞ்சம் களி வைப்பாள்.

அந்த வருஷம் முதல் மழை பெய்து வெயில் அடித்த நாள், பிற்பகலில் நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கொடியெல்லாம் நட்டுவிட்டு மேட்டின் பாதியில் நின்றிருந்தோம். நைனா பகல் ஷிப்டில் கீழே சுரங்கத்தில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அண்ணனும் அதே ஷிப்ட். அடிவாரத்தில் அம்மா தெரிந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். அந்தச் செருகலைப் பார்த்ததுமே இன்றைக்கு முதுகு வீங்கும் என்று தெரிந்துகொண்டேன்.

வரப்பைச் சுற்றி வந்தால் தூரம். அவள் நேராக ஏறத் தொடங்கினாள், நாங்கள் தட்டிப் பார்க்காத பக்கமாக.

"யம்மா, அங்க வராதே! கொடி இருக்கிற பக்கமா வா!" என்று கத்தினேன்.

"எனுக்கே வழி சொல்றியாடி? இரு, வரேன்!" என்று மேலும் வேகமாக ஏறினாள். என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் என்னைக் கேட்கத் தேவையில்லை.

அப்போதுதான் பூமி அதிர்ந்தது. காலுக்கு அடியில் யாரோ பெரிய கட்டையால் இடித்த மாதிரி ஒரே ஒரு இடி. மேட்டின் சரிவெல்லாம் பொடிப்பொடியாக மண் உதிர்ந்தது. அம்மா சட்டென்று ஷாஃப்ட் பக்கம் திரும்பினாள். திரும்பின கால் அப்பளத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. இடுப்பு வரை இறங்கி நின்றாள். அவள் விழுந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை, திடீரென்று குள்ளமாகிவிட்டாள், அவ்வளவுதான்.

நான் கொடிகளுக்கு நடுவில் சறுக்கி இறங்கி, அவளுக்கு நேராக வந்து, தகரத்தின் மேல் குப்புறப் படுத்து நகர்ந்து போனேன். நின்றுகொண்டு போனால் நானும் உள்ளே. கையைப் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க இரண்டு பக்கத்து மண்ணும் அவள் மேல் சரிந்தது. அந்த மண் தண்ணீர் மாதிரி ஓடும். இடுப்பில் இருந்தது விலா வரைக்கும் வந்துவிட்டது. இழுப்பதை நிறுத்தினேன். மார்புக்கு மேல் ஏறினால் மூச்சு விட முடியாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"யாராவது வாங்களேன்!" என்று லைன் பக்கம் பார்த்துக் கத்தினேன். லைனில் அத்தனை பேரும் வெளியே வந்திருந்தார்கள். அத்தனை பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள், ஷாஃப்டை நோக்கி. எனக்கு எல்லாருடைய முதுகும்தான் தெரிந்தது. இதே நேரத்தில் வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒருவராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊரில் பூமி அதிர்ந்தால் ஆபத்து கீழேதான் இருக்கும், மேலே இருக்காது.

பக்கத்து வீட்டுப் பெண் தன் தகரத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அழுதுகொண்டு நின்றாள். "ஓடு! கேட்டுக்குப் போயி யாரையாவது கயிறு பலகையோட கூட்டியா!" என்றேன். ஓடினாள். அண்ணன் கீழே இருக்கும்போது அவள் எனக்காக ஓடினாளா, தனக்காக ஓடினாளா என்று நான் கேட்டதில்லை. ஓடினாள், அது போதும்.

அவளுடைய தகரத்தை அம்மாவின் முதுகுக்குப் பின்னால், மண் சரிகிற பக்கம், சுவர் மாதிரி செருகினேன். சரிவது கொஞ்சம் நின்றது. முன்பக்கத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி எறிந்தேன். அள்ளுகிற அளவுக்கே திரும்ப வந்தது.

"என்னை வுடு. கேட்டுக்குப் போ. உங்க நைனா மேல வந்தாரான்னு பாரு" என்றாள் அம்மா.

"போவமாட்டேன்."

"சொன்னா கேளுடி. அந்த மனுஷன் ஏறி வந்து, நான் அங்க இல்லேன்னா இன்னான்னு நினைப்பாரு?"

"நீ மண்ணுக்குள்ள கீறே! அவரு நினைக்கிறதைப் பத்திப் பேசிக்கினு கீறியே, உனுக்கு இன்னா பைத்தியமா?"

அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கியதில் மண் சரிந்தது. இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம். எனக்கு அழுகை வந்தது. நைனா வராமல் போய்விட்டால் என்ற எண்ணத்தை நான் பக்கத்தில் வரவே விடவில்லை. ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் என்னால் தாங்க முடியும். அம்மாவின் மூச்சு சின்னதாகிவிட்டது. ஆனாலும் முகம் மட்டும் ஷாஃப்ட் பக்கமே திரும்பியிருந்தது. அங்கே கேஜை இறக்கி ஏற்றுகிற பெரிய சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சுத்துது. ஆளுங்க வராங்க" என்றாள்.

கேட்டில் நடந்ததைப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அவள் போய், என் அம்மா மேட்டில் மாட்டிக்கொண்டாள் என்று கத்தியிருக்கிறாள். அண்ணனுக்காகக் கத்துகிறாள் என்று நினைத்து ஒரு அம்மாள் அவளைக் கட்டிப்பிடித்துத் தேற்றியிருக்கிறாள். திமிறத் திமிற இன்னும் இறுக்கிப் பிடித்தாளாம். கேஜ் வந்தது. வெடித்தது வேறு லெவலில், வேறு ஆழத்தில்; அங்கே யாரும் இல்லை. எல்லாரும் முழுசாக வந்தார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆளோடு சேர்ந்து நகர்ந்தார்கள். நைனா கேட் கம்பத்துக்கு வந்து நின்றாராம். அங்கே யாரும் இல்லை. கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். "எங்க வூட்டுக்காரியப் பாத்தீங்களா? எங்க வூட்டுக்காரி எங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டாராம். அந்தக் குரலில்தான் அந்த அம்மாள் பிடியைத் தளர்த்தியிருக்கிறாள். இவள் நைனாவிடம் ஓடி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

தலையில் தொப்பியும் விளக்கும் அப்படியே இருக்க நைனா மேட்டில் ஏறி வந்தார். கூட நாலைந்து பேர், பலகையோடு. பதறி ஓடி வரவில்லை. கொடி கட்டியிருக்கிற வரப்பைப் பார்த்து, அது வழியாகவே வந்தார். என் வாழ்க்கையில் என் வேலையை ஒருவர் மதித்தார் என்றால் அது அன்றைக்குத்தான். நான்கு பக்கமும் பலகையைச் செருகிப் பெட்டி மாதிரி அடைத்துவிட்டு, உள்ளே இருக்கிற மண்ணை மட்டும் தொப்பியால் வாரினார்கள். சுரங்கத்துக்குள் சரிந்த இடத்தில் ஆளை எடுக்கிற முறை அதுதான். முழங்கால் தெரிந்த பிறகு ஒரே தூக்காகத் தூக்கினார்கள். அம்மா உடம்பெல்லாம் சாம்பலாக, ஒரு கால் செருப்பு இல்லாமல் பலகை மேல் உட்கார்ந்தாள்.

நைனா எதிரில் உட்கார்ந்தார். மண் வாரின தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"கம்பத்தாண்ட நீ இல்லேமே" என்றார். "எங்க பாத்தாலும் நீ இல்லே. கீழ பாறை வெடிச்சப்போகூட எனுக்கு இப்டி ஆவலே. நெஞ்சே நின்னு போச்சு."

அம்மா முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரை நன்றாகப் பார்த்தாள்.

"இப்போ தெரிதா," என்றாள், "அங்க வந்து நிக்கிறது இன்னான்னு?"

கூட வந்தவர்கள் குனிந்து மற்றப் பலகைகளைப் பிடுங்கத் தொடங்கினார்கள். அவர்கள் வீட்டிலும் அந்தக் கிண்டல் உண்டு. நான் இரண்டு தகரத்தையும் எடுத்துக்கொண்டேன். நைனா அம்மாவுக்குக் கை கொடுத்து, கொடிகளைப் பார்த்துப் பார்த்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.