மூன்றாவது மாடியில் ஒரு மகள்

கடையில் அவளுக்கு வைத்த பெயர் மைக். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து அவள் பேசினால் வாசலில் நிற்கிறவருக்கும் தெளிவாகக் கேட்கும். இயந்திரத்தின் இரைச்சலை மிஞ்சிப் பேசிப் பழகிய தொண்டை. லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்ப்பது, பிளாஸ்டிக் ஃபிரேமைச் சூடுகாட்டி இளக்கிப் பொருத்துவது, கண்ணுக்கே தெரியாத திருகாணிகளை முடுக்குவது எல்லாம் அவள் வேலை. முடித்த கண்ணாடியை வந்தவரின் காதில் மாட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்து, "இப்பத்தான் சார் உங்க மூக்குக்கே ஒரு மரியாதை வந்திருக்கு" என்பாள். எரிச்சலோடு வந்தவர்கூடச் சிரித்துவிட்டுத்தான் போவார்.

கணவர் நேர்மாறு. லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் கட்டடங்களின் வயிற்றுக்குள் எண்ணெய்க் கையோடு நிற்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் "ம்", "சரி" என்பதற்கு மேல் வாய் திறக்காது.

"இவர்கிட்டேருந்து நாலு வார்த்தை வாங்கறதுக்குள்ள என் நாக்கு தேஞ்சிடும் அண்ணி" என்று நாத்தனாரிடம் புகார் சொல்லுவாள். கணவரின் அக்காவான அவர் இவர்களோடுதான் இருந்தார். வீட்டிலேயே துணி தைத்துக்கொடுப்பவர்.

"அவன் பேச வேண்டியதையும் சேர்த்து நீயே பேசிடறே. அவன் எங்க போவான் வார்த்தைக்கு?" என்பார் நாத்தனார், ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. விசாரித்தவர்கள் அலுத்துப்போய் விசாரிப்பதையே விட்டுவிட்ட பிறகு, நாற்பதை எட்டிப்பிடிக்கிற வயதில், அவளுக்கு நாள் தள்ளிப்போனது. அன்று அவள் பேசவே இல்லை. கணவர் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்துவிட்டுத்தான் நாத்தனாருக்கே விஷயம் புரிந்தது.

ஆறு மாதம் வரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. மாதாமாதம் போய்க் காட்டினாள். எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஏழாவது மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வருகிறவர்கள் வாசல் வரை நின்றார்கள். மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாள் அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ தொலைந்துபோனது.

"அடுத்த வாரம் போயிக்கலாங்க. குழந்தை எங்க ஓடிப்போகப் போகுது, உள்ளதானே இருக்கு" என்றாள்.

கால் வீங்கியது. தன் செருப்பு ஏறாமல் கணவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். முகமும் உப்பியது. "முகத்துல என்ன ஒரு களை, பாரேன்" என்று பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தைக் கிள்ளினாள். ஒருநாள் காலையில் மோதிரம் கழலாமல் சோப்பு போட்டு இழுக்க வேண்டியிருந்தது. தலைவலி வந்தபோது இயந்திரத்தின் இரைச்சல் என்று நினைத்தாள். விலாவுக்குக் கீழே வலித்தபோது வாயு என்று நினைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கடைசியில் கண் மங்கியது. திருகாணி இரண்டாகத் தெரிந்தது. பார்வையின் ஓரத்தில் மினுக் மினுக்கென்று ஏதோ மின்னிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், கண் மங்கினால் வேறென்ன நினைப்பாள்? முதலாளி அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்தார். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா நல்லா தெரியுது, முன்ன போட்டதா?" என்று கேட்டார்.

"இது சார்... இல்ல, முன்ன போட்டது. இப்ப அதுவும் இல்ல."

"மைக்கு, ஒரு முடிவுக்கு வாம்மா. எனக்கே கண்ணைக் கட்டுது."

இருவரும் சிரித்தார்கள். ஏதோ ஒரு பவரில் முதலாளி அவளுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொடுத்தார். அழகான ஃபிரேமாகப் பார்த்து, காசு வாங்காமல், அன்பாகத்தான் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், "எப்படி இருக்கு?" என்று கணவரிடம் கேட்டாள். அவர் "ம்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில், அவள் முக்காலியிலிருந்து சரிந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. முதலாளி ஓடிவந்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டார். தெருவில் போன ஒரு வேனை மறித்து ஏற்றினார்கள். பெரிய மருத்துவமனைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இன்னொரு முறை வலிப்பு வந்துவிட்டது.

கணவர் வந்து சேர்ந்தபோது கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. மருத்துவர், கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த ஒரு பெண், அவரைத் தனியாக அழைத்துப் போனார்.

"பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. கர்ப்பத்துல சில பேருக்கு இப்படி வரும். அது மூளை வரைக்கும் போய்த்தான் வலிப்பு வந்திருக்கு. வலிப்பு நிக்க மருந்து ஏத்திட்டோம். ஆனா குழந்தையை வெளிய எடுத்தாத்தான் இது அடங்கும்."

"குழந்தை?"

"ரொம்பச் சின்னது. நுரையீரல் இன்னும் முழுசா வளரல. அதுக்கு ஊசி போட்டுட்டுக் காத்திருக்கலாம்னா, அம்மா தாங்க மாட்டாங்க. எங்களால ஆனதைச் செய்யறோம்."

பெண் குழந்தை. ஒரு கிலோகூட இல்லை. அழவில்லை, பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது என்று பிறகு நர்ஸ் சொன்னார். குழந்தையை மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோனார்கள். தாய் நினைவில்லாமல் தரைத்தளத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். கணவர் இரண்டுக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் குழந்தை கிடந்தது. தோல் வழியே நரம்பெல்லாம் தெரிந்தது. மூக்கில் குழாய், தொப்புளில் குழாய். அவருடைய கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத கை. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வட்டத் துளையை நர்ஸ் திறந்துவிட்டார்.

"கையை உள்ள விட்டுத் தலைமேல மெதுவா வைங்க. தடவக் கூடாது, சும்மா வைங்க. ஏதாவது பேசுங்க அப்பா. குரல் கேட்டா அதுங்களுக்கு ஒரு தெம்பு."

அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பேசுகிறவள் கீழே கிடக்கிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஒன்றையே சொல்ல ஆரம்பித்தார்.

"லிஃப்ட் இருக்குல்ல... அதைக் கம்பிக் கயிறுதான் தூக்கும். எல்லாரும் ஒரே கயிறுதான், அறுந்தா போச்சுன்னு பயப்படுவாங்க. அப்படி இல்ல கண்ணு. நாலஞ்சு கயிறு இருக்கும். ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும். எல்லாமே போனாக்கூட ஒரு பிரேக் வந்து கப்புன்னு புடிச்சிக்கும். அப்பா கையால மாட்டினது எதுவும் விழுந்ததில்ல. நீ பயப்படாத, என்ன?"

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்துப் பெட்டியைக் கவனிக்கப் போனார். மறுநாளும் அவர் வந்து பேசினார். கதவு எப்படித் திறக்கும், மின்சாரம் போனால் என்ன ஆகும், எந்தக் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும் என்று அத்தனையையும் சொன்னார். நாத்தனார் கதவருகே நின்று கேட்டுவிட்டு, "என் தம்பி இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்ல" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவளுக்கு நினைவு வந்தபோது முதலில் கை வயிற்றுக்குப் போனது. வயிறு தட்டையாக, கட்டுப் போட்டுக் கிடந்தது. அவள் கண்ணில் தெரிந்த பயத்தைப் பார்த்துக் கணவர் அவசரமாகச் சொன்னார்: "பொண்ணு. மேல இருக்கா. மூணாவது மாடியில."

"பார்க்கணும்."

"பார்க்கலாம். உனக்குப் பிரஷர் இறங்கட்டும்னு சொல்றாங்க."

பிரஷர் இறங்க மறுத்தது. செல்பேசியில் எடுத்த படத்தை அவர் காட்டினார். பார்வை இன்னும் முழுதாகத் தெளியாததால் அவளுக்குப் பெட்டியும் வெளிச்சமும்தான் தெரிந்தன. "மூக்கு யாரு மூக்கு?" என்று கேட்டாள். "உன் மூக்கு" என்றார். குழாயும் பிளாஸ்திரியும் மறைத்ததில் மூக்கையே அவர் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

நர்ஸ் கீழே வந்து பால் பீய்ச்சக் கற்றுக்கொடுத்தார். மஞ்சளாகச் சில சொட்டுகள் வந்தன. அதை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு கணவர் படியேறினார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. குழந்தையின் கன்னத்தின் உட்புறம் நர்ஸ் ஒரு சொட்டுத் தடவியபோது அது சப்புக்கொட்டியது. அவர் கீழே ஓடிவந்து, "குடிச்சா" என்றார். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த சிரிப்பை அந்த வார்டில் இருந்தவர்கள் எல்லோருமே பார்த்தார்கள்.

அதற்கடுத்த நாள் சக்கர நாற்காலியில் மேலே கூட்டிப்போகலாம் என்று முடிவாகியிருந்தது. நாத்தனார் அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஆள் வந்தது. நுரையீரலில் இரத்தக்கசிவு. சீக்கிரம் வரச் சொன்னார்கள்.

மூன்றாவது மாடியில், சக்கர நாற்காலியில் இருந்த அவள் உயரத்துக்கு மருத்துவர் குனிந்து பேசினார். "இதுக்கு மேல எங்களால முடியலம்மா. குழந்தையை உங்க மேல வைக்கிறோம்."

தாயின் நெஞ்சில், சட்டைக்குள், வெறும் தோலோடு குழந்தையை வைத்து மேலே ஒரு துணி போட்டார்கள். ஒரு கைக்குட்டையின் கனம்கூட இல்லை. கணவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் பேச ஆரம்பித்தாள். மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில். "வந்துட்டியா? அம்மாதான். கொஞ்சம் லேட்டாயிடுச்சுடா. நம்ம வீட்ல ஜன்னல் தெருப்பக்கம் இருக்கு, நீ அங்கதான் படுக்கணும். அத்தை குறட்டை விடுவாங்க, பயந்துக்காத. அப்பா ஒண்ணும் பேச மாட்டாரு, ஆனா எல்லாத்தையும் கேட்டுக்குவாரு..." கடைத்தெருவைச் சொன்னாள், மழைத்தண்ணீர் ஒழுகும் மாடியைச் சொன்னாள், எந்தப் பள்ளிக்கூடம், யார் கொண்டுபோய் விடுவது என்று சொன்னாள். நர்ஸ் இயந்திரத்தின் ஓசையை நிறுத்தினார். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை நிறுத்தவில்லை.

மறுநாள் பால் கட்டிக்கொண்டது. நெஞ்சு கல்லாகி, தொட்டால் உயிர் போகிற வலி. பால் வற்ற மாத்திரை இருக்கிறது என்றார் நர்ஸ். தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்: மேலே பால் இல்லாத தாய்மார்களின் குழந்தைகள் இருக்கிறார்கள்.

"எடுத்துக்கோங்க சிஸ்டர்" என்றாள் அவள். வீட்டுக்குப் போகிற வரையில் கொடுத்தாள். எந்தக் குழந்தைக்குப் போனது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. முன்னாடியே பிரஷர் பார்த்திருந்தால் மாத்திரையில் கொஞ்சம் நாள் தள்ளியிருக்கலாம், நுரையீரலுக்கு ஊசி போட நேரம் கிடைத்திருக்கும், பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நாத்தனார் எவ்வளவோ சொன்னார். அவளால் முதல் வார்த்தையிலிருந்து நகர முடியவில்லை.

உடம்பு தேறியதும் கடைக்குப் போனாள். வயிற்றோடு அவளைப் பார்த்த வாடிக்கையாளர்கள் கண்ணாடியை வாங்கிப்போக ஒவ்வொருவராக வந்தார்கள். "என்னம்மா, பொண்ணா பையனா?" என்று முகம் மலரக் கேட்டார்கள். "பொண்ணு" என்பாள். அடுத்த கேள்வி வருவதற்குள் முதலாளி உள்ளேயிருந்து வந்து, "இந்த ஃபிரேம் பாருங்க சார்" என்று ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் நிறைமாதத்தை நெருங்கிய ஒரு பெண் வந்தாள். எழுத்து கலங்கித் தெரிகிறதாம், கண்ணாடி வேண்டுமாம். முதலாளி நாற்காலியைக் காட்டப் போனார். இவள் பின்னறையிலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

"தலை வலிக்குதா? கால் வீங்குதா?"

"ஆமாக்கா. எல்லாருக்கும் வர்றதுதானே?"

"வா, போகலாம்."

"எங்க? நான் கண்ணாடிக்குத்தான்..."

"கண்ணாடி அப்புறம் தரேன். முதல்ல வா." அந்தப் பெண்ணின் கையை விடாமல் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். அங்கே பிரஷரைப் பார்த்ததும் உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் குழந்தையோடு கடைக்கு வந்தாள். துணிக்குள் ஒரு சிவந்த முகம், கொட்டாவி விட்டுக்கொண்டு. "உங்களாலதான்க்கா. கையில வாங்குங்க" என்று நீட்டினாள்.

இவள் கையை நீட்டினாள். பாதியில் கை நின்றுவிட்டது. "கையெல்லாம் லென்ஸ் தூள்மா... கழுவிட்டு வரேன்" என்று உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. தேய்க்கிற இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளி எட்டிப் பார்த்தார். அவள் கையில் லென்ஸ் இல்லை.

ஒரு வருடம் ஆகியும் பிரஷர் மாத்திரையை நிறுத்த முடியவில்லை. அதைக் காட்டப் போயிருந்த ஒரு நாள் மருத்துவர் தயவாகச் சொன்னார்: "இன்னொரு குழந்தை வேணும்னா யோசிக்கலாம். முதல் மாசத்துலேருந்தே மாத்திரை கொடுத்து, கூடவே இருந்து பார்த்துக்கறோம். நல்லபடியா பெத்தவங்க நிறையப் பேர் இருக்காங்க."

இருவரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள். பேருந்தில் கூட்டமில்லை. வெயில் மடியில் விழுந்தது. அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு இன்னொண்ணு வேணாங்க. எனக்கு அவதான் வேணும்."

கணவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கும்" என்றார். இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. நடத்துநர் இருமுறை குரல் கொடுத்தும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.